ருசி பார்க்கும் உத்தியோகம்

என் தம்பி ஒளிந்து ஒளிந்து சிகரெட் பிடிக்கிறான் என்று தெரிந்த அன்று என் கணவர் சந்தோஷப்பட்டார். குளியலறைக் கதவின் பின்னால் தொங்கிய அவன் சட்டையை மோந்து பார்த்துவிட்டுச் சமையலறைக்கு வந்து விஷயத்தைச் சொன்னவர், நான் கரண்டியோடு கிளம்பியதைக் கண்டு கையை நீட்டி மறித்தார். திட்டாதே, என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

தம்பி திருநெல்வேலியிலிருந்து தில்லிக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. தொண்ணூறுகளின் தொடக்கம். மத்திய அரசு வேலைக்கான பரீட்சைகள் எழுதுவதற்காக வந்திருந்தான். ஊரில் இருந்தால் படிக்க மாட்டான், அக்கா வீட்டில் இருந்தால் படிப்பான் என்று அப்பா ரயிலேற்றி அனுப்பிவிட்டார். அதில் தப்பு சொல்ல முடியாது. நானே அப்படி எழுதித் தேறி, அமைச்சகம் ஒன்றில் கிளார்க்காக வந்து சேர்ந்தவள்தான். ஆர்.கே.புரத்துக் குவார்ட்டர்ஸ் என் வேலைக்குக் கிடைத்தது. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. தம்பிக்கு ஒரு அரசாங்க உத்தியோகம், எங்களுடையது போல ஒரு குவார்ட்டர்ஸ், இவ்வளவுதான் அப்போது நான் முருகனிடம் கேட்டது. அவனுக்கு வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் உட்கார்ந்தே பல வருஷங்களைத் தொலைத்துவிட்டு வந்திருந்தான்.

என் கணவர் வேலை பார்த்தது ஒரு புகையிலை ஏற்றுமதி அலுவலகத்தில். முதலாளியை எல்லோரும் லாலாஜி என்பார்கள். வெங்காயம், பூண்டு தொடாத மனிதர். ஆந்திராவில் விளைகிற இலையை வாங்கி சோவியத்துக்கு அனுப்பியே மாடிக்கு மேல் மாடி கட்டியவர். அந்த வியாபாரம் ரூபாயிலேயே நடந்தது. வாங்குகிறவன் தரத்தைப் பற்றி அதிகம் நோண்டிக் கேட்க மாட்டான். சோவியத் உடைந்ததும் வாங்க ஆளில்லாமல் இலை கோடவுனில் பூசணம் பிடித்தது. லாலாஜி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்கி நிறுத்தியவர் என் கணவர்.

இவருக்கு அங்கே கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கிற வேலை. ஆங்கிலம் நன்றாக எழுதுவார். வெளிநாட்டு வியாபாரப் பத்திரிகைகளை வரி விடாமல் படிப்பார். எந்த நாட்டில் சிகரெட் உற்பத்தி ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, யார் யாருக்கு விற்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு வாய்ப்பாடு மாதிரி. முன் அறைச் சுவரில் ஒரு உலகப் படத்தை ஒட்டி வைத்திருந்தார். மற்ற வீடுகளில் சாமி படம் மாட்டுகிற இடம் அது. ராத்திரிச் சாப்பாட்டின்போது அதைப் பார்த்தபடியே எனக்குப் பாடம் நடத்துவார். பணக்கார நாடுகளில் ஜனங்கள் பயந்துபோய் சிகரெட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்கள், வரியும் ஏறிவிட்டது, தொழிற்சாலைகளை மூடுகிறார்கள். ஆனால் உலகத்தில் மொத்த சிகரெட் குறையவில்லை. கிழக்கே சீனாவிலும் இந்தோனேசியாவிலும் கூடிக்கொண்டே போகிறது. அடுத்து ஆப்பிரிக்கா.

“அவன் நெஞ்சு தப்பிச்சுட்டுன்னா இன்னொருத்தன் நெஞ்சு வேணும்லா,” என்பார், ரசத்தைப் பிசைந்தபடி.

இதைச் சொல்கிறபோது அவர் குரலில் கெட்ட எண்ணமே இருக்காது. மழை எந்தப் பக்கம் பெய்கிறது என்று சொல்வது மாதிரி சொல்வார். இன்னொன்றையும் ரசித்துச் சொல்வார். உலகம் முழுக்க ஏற்றுமதியான சிகரெட்டையும் இறக்குமதியான சிகரெட்டையும் கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றாக வரவேண்டும் அல்லவா, வராதாம். ஏற்றுமதிதான் எப்போதும் அதிகமாக இருக்குமாம். ஒரு நாட்டுக்கு என்று புறப்படுகிற பெட்டி நடுவழியில் காணாமல் போய் வேறொரு நாட்டுச் சந்தையில் வரி இல்லாமல் முளைக்குமாம். பிற்பாடு அந்தக் காணாமல் போகிற கணக்கில் எங்கள் லாலாஜியின் சரக்கும் சேர்ந்தபோது, பிள்ளை பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய மாதிரி பெருமைப்பட்டார்.

ஐரோப்பாவில் மூடிய ஒரு தொழிற்சாலையின் கிழட்டு இயந்திரத்தை லாலாஜி வாங்கி, யமுனைக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகையில் நிறுத்தினார். யோசனை என் கணவருடையது. இலையாக விற்றால் பூசணம் பிடிக்கும், சிகரெட்டாகச் சுருட்டி விற்போம் என்றார். சோவியத்திலிருந்து பிரிந்த சின்ன நாடுகளில் அப்போது சிகரெட்டுக்குப் பஞ்சம். வளைகுடாவில் கூலி வேலைக்குப் போன நம் ஆட்களுக்கு மலிவான சரக்கு வேண்டும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. அந்த அலுவலகத்தில் டிரைவரைத் தவிர ஒருவரும் சிகரெட் பிடிப்பதில்லை.

லாலாஜி பக்திமான். என் கணவர் நெற்றி நிறைய விபூதி பூசி, கிருத்திகை தவறாமல் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகிறவர். சாம்பிள் பெட்டியைத் தொட்டால்கூட சோப்புப் போட்டுக் கை கழுவுவார். கணக்குப் பிள்ளைக்கு ஆஸ்துமா. டிரைவரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அவன் எதைக் கொடுத்தாலும் அச்சா ஹை, நன்றாக இருக்கிறது, என்று சொல்லிவிட்டு இன்னொன்று கேட்டான். எந்த நாட்டுக்கு எந்தக் கலவை, எது தொண்டையைக் கீறும், எது இனிக்கும் என்று சொல்ல ஒரு நாக்கு வேண்டும். அது இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் என் தம்பியின் சட்டை நாறியது.

பின்பக்க பால்கனியில் ஒரு பிரம்பு மோடாவைப் போட்டு அவனை உட்கார வைத்தார். வெள்ளைப் பெட்டிகளில் பெயர் இருக்காது, பென்சிலில் ஒரு எழுத்து மட்டும் இருக்கும். ஒவ்வொன்றையும் முதல் இழுப்பிலிருந்து கடைசிவரை பிடித்து, என்ன தோன்றுகிறது என்று சொல்ல வேண்டும். சொல்வதை இவர் எழுதிக்கொள்வார். தம்பிக்குக் கொண்டாட்டம். ஊரில் பெட்டிக்கடைக்குப் பின்னால் ஒளிந்து பிடித்தவனுக்கு, இங்கே அத்தானே பற்றவைத்துக் கொடுக்கிறார்.

ஆனால் பேசத் தெரிந்தவன். அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒன்றைப் பிடித்துவிட்டுக் கருப்பட்டி காய்ச்சுகிற வாசம் என்பான். இன்னொன்றை மழையில் நனைந்த சாக்கு என்பான். வேறொன்றுக்கு, இழுக்கையில் ஒன்றும் தெரியவில்லை, விட்டபிறகு மேல் அண்ணத்தில் வேப்பங்கொட்டை மாதிரி உட்கார்ந்துகொள்கிறது என்பான். இவர் அதையெல்லாம் வியாபார ஆங்கிலத்தில் ஆக்கி எழுதுவார். கருப்பட்டி அங்கே போய் வேறு என்னவோ ஆகிவிடும். வாங்குகிறவர்கள் அசந்துபோனார்கள். எங்களிடம் ஒரு நிபுணர் குழு இருக்கிறது என்று லாலாஜி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். அந்தக் குழு என் வீட்டுப் பால்கனியில், ஈரப் புடவைகளுக்கு நடுவே, குளிர்காலத்தில் பஞ்சு ரஜாயைப் போர்த்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தது.

இதை எங்கள் வீட்டில் யாரும் கெட்ட பழக்கமாக நினைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. விரதம் மாதிரி ஆக்கிவிட்டோம். நாக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்று இவர் எங்கேயோ படித்திருந்தார். காரம் கூடாது, புளி கூடாது, காப்பி கூடாது. சாம்பிள் வரும் நாட்களில் அவனுக்கென்று தனி உலை வைத்தேன். குழைந்த சோறு, தயிர், உப்புக் குறைத்த பருப்பு. புகை நெஞ்சில் தங்காமல் இருக்கப் பால் பூத்திலிருந்து அவனுக்கென்று தனியாகப் பால் வாங்கினோம், தினமும் வாழைப்பழம் கொடுத்தோம். பால் குடித்தால் எல்லாம் இறங்கிப் போய்விடும் என்று இவர் சொன்னார், நாங்கள் நம்பினோம். படித்தவர்கள்தான் மூவரும். கையில் பாலும் வாயில் சிகரெட்டுமாக அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்திருக்கிறது, பயம் வந்ததில்லை.

என் புடவையெல்லாம் சிகரெட் நாறியது. அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரி, உன் வீட்டுக்காரர் இவ்வளவு பிடிப்பாரா என்று இரக்கத்தோடு விசாரித்தாள். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்குகிற இடத்தில் ஒரு மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தாள். இவர் கூசவே இல்லை. மச்சினன் டெஸ்டிங்கில் இருக்கிறான் என்று எல்லோரிடமும் சொன்னார். கேட்டவர்கள் ஏதோ பரிசோதனைக் கூடம் என்று நினைத்து மரியாதையோடு தலையாட்டினார்கள்.

லாலாஜி ஒரு தடவை வீட்டுக்கே வந்தார். இனிப்புப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு நேராகப் பால்கனிக்குப் போனார். தம்பி எழுந்து நின்றான். அவனுக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. நாக்கை நீட்டச் சொல்லிச் சைகை காட்டினார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்தார். பிறகு திருப்தியாக இவர் முதுகில் தட்டினார். தம்பியின் முதுகில் அல்ல. எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் போனபிறகு அதை வாய்விட்டுச் சொன்னேன். தம்பி என்னைச் சமாதானப்படுத்தினான். பரீட்சை தேறும்வரைதானே அக்கா, என்றான்.

அவன் தேறினான். யாரும் எதிர்பார்க்கவில்லை, என் கணவர் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை. அது அவனுக்குக் கடைசி வாய்ப்பு. அந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிகிறது. எழுத்துப் பரீட்சையில் நல்ல இடம், பதவியும் இடமும் சொல்லியாகிவிட்டது, தில்லியிலேயே வேலை. மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. நான் அப்பாவுக்குத் தந்தி கொடுத்தேன். அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

இவர் முகம் தொங்கிவிட்டது. நல்லது, நல்லது என்று வாயால் சொன்னார். ஆனால் சாப்பிடும்போது சுவர்ப் படத்தைப் பார்க்கவில்லை. பெரிய கம்பெனிகள் ரஷ்யப் பக்கத்துத் தொழிற்சாலைகளையெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. லாலாஜியின் சரக்குக்கு அங்கே இனி இடமில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பெரிய வியாபாரி சாம்பிள் கேட்டிருந்தான். புது ருசி, புதுக் கலவை. அது கிடைத்தால் கொட்டகை பிழைக்கும், இவருக்கு மேனேஜர் பதவி என்று பேச்சு. கிடைப்பது என் தம்பியின் நாக்கைப் பொறுத்தது. மருத்துவப் பரிசோதனைக்கு முந்தின வாரங்களில் சாம்பிள் பெட்டிகள் முன் எப்போதும் இல்லாத அளவுக்கு வந்தன. கொஞ்சம் பொறுங்களேன் என்று இவரிடம் சொன்னேன். “அவன் போறதுக்குள்ள முடிச்சுக்கிடணும்லாட்டி,” என்றார்.

பரிசோதனை அரசாங்க ஆஸ்பத்திரியில். எனக்கு லீவு கிடைக்கவில்லை. பார்லிமென்ட் நடந்துகொண்டிருந்தது, கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கிற வேலை எங்கள் பிரிவின் தலையில். இந்தி தெரிந்த ஆள் கூட வேண்டும் என்பதால் இவரே லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது இருவரும் முன் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். விளக்குப் போடவில்லை.

இவர்தான் சொன்னார். எக்ஸ்ரேயில் நெஞ்சில் நிழல் விழுந்திருக்கிறது. டாக்டர் பார்த்த உடனே கேட்டுவிட்டாராம், எவ்வளவு காலமாகப் பிடிக்கிறான் என்று. ஆனால் நல்ல மனுஷன், சிகரெட் பழக்கம் என்று காகிதத்தில் எழுதவில்லை, தகுதியில்லை என்று மட்டும் போட்டிருக்கிறார். இதை இத்தோடு விட்டுவிடச் சொன்னாராம். மேலே போய்க் கிளறினால் எல்லாவற்றையும் எழுத வேண்டி வரும், அப்புறம் ஒரு தனியார் கம்பெனியில்கூட வாசலில் நிற்க விட மாட்டார்கள் என்றாராம்.

அரசாங்கத்தில் வேலை பார்க்கிறவள் நான். மேல்முறையீடு என்று ஒன்று உண்டு என்று தெரியும். சொன்னேன். இவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, பால்கனிப் பக்கம் கையைக் காட்டினார். நிழல் இல்லை என்று எந்த டாக்டரிடம் போய் நிரூபிப்பாய் என்று கேட்டார். அந்தப் புகையை மூவரும்தான் தினமும் பார்த்தோம். அவர் சொன்னதை நம்புவதற்கு எங்களுக்கு வேறு சாட்சி எதுவும் தேவைப்படவில்லை.

ஊரில் அப்பா பக்கத்து வீடுகளுக்கு இனிப்புக் கொடுத்து முடித்திருந்தார். விஷயம் தெரிந்ததும் ஒரே ஒரு கடிதம் போட்டார், அதில் தம்பியைப் பற்றி ஒன்றுமே இல்லை. அவர் போய்ச் சேர்கிறவரை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை.

லாலாஜி பழக்கூடை கொடுத்தனுப்பினார். ஆப்பிரிக்கச் சரக்குக்கு நிபுணர் குழு கிடைத்துவிட்டது. இவருக்கு மேனேஜர் பதவி வந்தது. கொட்டகையிலேயே தம்பிக்கு நிரந்தர வேலை போட்டுக் கொடுத்தார்கள். அதிலும் இவர் பெருமைப்பட்டார். கவர்மென்ட் கைவிட்டாலும் நான் கைவிட மாட்டேன் என்று கோயில் வாசலில் நாலு பேருக்கு முன்னால் சொன்னார். அப்போது தம்பி பக்கத்தில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வருஷங்கள் போயின. காலையில் கொட்டகைக்கு இரண்டு பஸ் மாறிப் போவான், இருட்டிய பிறகு வருவான். கல்யாணப் பேச்சு எடுத்தால் சிரிப்பான். பெண் வீட்டார் என்ன வேலை என்று கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. அரசாங்க வேலை என்றால் கருப்பாக இருந்தாலும் வழுக்கையாக இருந்தாலும் பெண் கொடுப்பார்கள், சிகரெட் பிடிப்பதே வேலை என்கிறவனுக்கு யார் கொடுப்பார்கள். அவனோடு தேறியவர்கள் ஆளுக்கொரு குவார்ட்டர்ஸில், கிட்வாய் நகரிலும் லோதி ரோடிலும் குடும்பத்தோடு இருந்தார்கள். பொங்கல் விழாவில் எதிரே வந்தால் இவனைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார்கள். இருமல் கூடிக்கொண்டே போனது. ஆனால் என்னிடம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. போட்டதைச் சாப்பிட்டான், சொன்னதைச் செய்தான், காய்கறி வாங்கி வந்தான். தங்கமான பிள்ளை என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தில்லியிலேயே காற்று மாறியது. பொது இடத்தில் புகை பிடிக்காதே என்று பஸ் ஸ்டாண்டு, ஆபீஸ், ஆஸ்பத்திரி எங்கும் பலகைகள் வந்தன. வரி ஏறியது, கெடுபிடி ஏறியது. பெரிய கம்பெனிகள் ஆப்பிரிக்காவிலேயே தொழிற்சாலை போட்டுவிட்டன. கப்பலேற்றி அனுப்புகிற மலிவுச் சரக்குக்கு மவுசு போயிற்று. அங்கேயே போய்ச் சுருட்டினால்தான் கட்டுப்படியாகும் என்று ஆனது. என் கணவர் அந்த உலகப் படத்துக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் விளக்கினார். ஒரு காலத்தில் ஐரோப்பாவிலிருந்து இங்கே வந்தது போல இங்கிருந்து அங்கே போகிறது, இதுதான் உலக நடப்பு என்றார். லாலாஜி அந்தக் கிழட்டு இயந்திரத்தை மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு துறைமுக ஊர் வியாபாரிக்கு விற்றார். வாங்குகிறவன் ஒரு நிபந்தனை போட்டான். இயந்திரத்தோடு ருசி பார்க்கிற ஆளும் வரவேண்டும்.

தம்பியைக் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. பாஸ்போர்ட் எடுத்தார்கள், மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டார்கள். நெஞ்சை யாரும் பார்க்கவில்லை. அந்த வேலைக்கு எக்ஸ்ரே கேட்கிறவர்கள் இல்லை.

விமான நிலையத்துக்கு நாங்கள் மூவரும் போனோம். இவர் தள்ளுவண்டி தேடிப் போனார். நானும் தம்பியும் பெட்டிகளோடு நின்றோம். எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கு அந்த டாக்டர் மட்டும் கொஞ்சம் மனசு வைத்திருந்தால் உனக்கு இந்தத் தேசாந்தரம் வந்திருக்காதே என்று புலம்பினேன். தம்பி என்னை வினோதமாகப் பார்த்தான். பிறகு இந்தியில் பேசினான். அவன் சாதாரணமாகப் பேசுகிற கொட்டகை இந்தி இல்லை, படித்தவர்கள் பேசுகிற மாதிரி, வேறொருவர் குரலில்.

“கோயி பாத் நஹீ. புரானா தாக் ஹை. பல்கம் கீ ஜாஞ்ச் கராகே அக்லே ஹஃப்தே ஆ ஜானா.”

பரவாயில்லை, இது பழைய தழும்பு. சளியைப் பரிசோதித்துக்கொண்டு அடுத்த வாரம் வா.

டாக்டர் அன்றைக்குச் சொன்னது அதுதான் என்றான். சிரித்துக்கொண்டே சொன்னாராம். இந்தி தெரியாதே தவிர, ஒருவன் தலையெழுத்தை முடித்துவைக்கிறவர் அப்படிச் சிரிப்பாரா என்று இவனுக்குச் சந்தேகமாக இருந்திருக்கிறது. அத்தான் மொழிபெயர்த்ததைக் கேட்ட பிறகும், அந்தச் சத்தத்தை மறக்காமல் பஸ்ஸில் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறான். அர்த்தம் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. கொட்டகையில் சேர்ந்த பிறகு, இருமிய ஒரு தொழிலாளியைச் சூப்பர்வைசர் பல்கம் கீ ஜாஞ்ச் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவன் திரும்பி வந்ததும், மனசில் இருந்ததை முழுக்கச் சொல்லி அர்த்தம் என்ன என்று தம்பி விசாரித்தான். அதற்குள் வயது வரம்பு தாண்டியிருந்தது. சின்ன வயசில் அவனுக்குக் காசநோய் வந்து மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டது எனக்கும் ஞாபகம் இருந்தது. அந்த நிழல் அதனுடையது. சிகரெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அடுத்த வாரம் இவன் போகாததால்தான் வேலை போயிருக்கிறது.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அத்தான் மேல எனக்குக் கோவமே இல்லக்கா. அவிய வெளியாளு, அவிய காரியத்தைப் பாத்தாவ. நீ கூடப் பொறந்தவள்லா. உனக்கு இந்தி தெரியும், ஆபீஸ் ரூல்ஸ் எல்லாம் தெரியும். நீயும் சேந்து எப்படிக்கா செஞ்சே?”

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அந்த ஆஸ்பத்திரிக்கு நான் வரவே இல்லையே என்று சொன்னேன். முருகன் மேல் ஆணையாக என்று சொன்னேன். அவன் மறுத்துப் பேசவில்லை. சந்தையில் ஒரு கடைக்காரன் விலை சொல்வதைக் கேட்கிறவன் மாதிரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றான். என் வீட்டில் அவன் சாப்பிட்ட ஒவ்வொரு வாயையும் என்னை இப்படி நினைத்துக்கொண்டேதான் சாப்பிட்டிருக்கிறான். தங்கமான பிள்ளை என்று நான் ஊரெல்லாம் சொன்னது அந்தப் பொறுமையைத்தான்.

இவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தம்பி குனிந்து இவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். என்னிடம், வாரேன்க்கா, என்றான். என் காலைத் தொடவில்லை. உள்ளே போனான்.

திரும்பி வரும்போது ஆட்டோவிலேயே கேட்டேன். டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரே கேள்வி. இவர் மறைக்கவில்லை. மறைக்கிற அளவுக்கு அதைப் பெரிய விஷயமாக அவர் நினைக்கவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

“கவர்மென்ட்ல சேந்திருந்தா உன்னை மாதிரி ஃபைலைத் தள்ளிக்கிட்டுல்லா இருந்திருப்பான். இப்பம் வெளிநாடு போறான். நம்ம வம்சத்துல யாரு போயிருக்கா?”

அந்த ஆட்டோவிலிருந்து இவரைப் பிடித்துத் தள்ளிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. நிஜமாகவே கையில் அந்தப் பலம் வந்தது. தள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் சுவரிலிருந்த படத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். இவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அது பழசுதான், நாடுகளெல்லாம் மாறிவிட்டன, புதுசு வாங்க வேண்டும் என்றார். பல மாதங்கள் நான் இவரோடு பேசவில்லை. பேசாமல் இருந்தது இவருக்கு ஒரு குறையாகவே படவில்லை. பத்திரிகை படிக்க வசதியாக இருந்தது. பிறகு கேஸ் சிலிண்டருக்கும் கரண்ட் பில்லுக்குமாகப் பேச ஆரம்பித்தேன்.

தம்பிக்கு நான் எழுதிய எதற்கும் பதில் வரவில்லை. வருஷத்தில் சில தடவை ஃபோன் வரும், இவருடைய மொபைலுக்கு. லைன் சரியாக இருக்காது. இவர் முன் அறையில் நின்றுகொண்டு சத்தமாகப் பேசுவார். இயந்திரம் எப்படி ஓடுகிறது, அங்கே எந்த ருசி எடுபடுகிறது, பக்கத்து நாட்டுக்கு எல்லை தாண்டிப் போகிறதா என்று கேட்பார். நான் கைத்துண்டைப் பிடித்தபடி கதவோரம் நிற்பேன். அந்தப் பக்கத்துக் குரல் கரகரவென்று கேட்கும், நடுநடுவே இருமலும் கேட்கும், வார்த்தைகள் பிடிபடாது. என்னிடம் கொடுங்கள் என்று கையை நீட்டுவேன். அதற்குள் பேச்சு முடிந்திருக்கும்.

“உன்னையும் கேட்டான்,” என்பார் இவர், ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டபடி.

கேட்டானா இல்லையா என்று எனக்குத் தெரியாது.